பந்து எங்களிடம் இருக்கும்போது

எங்கள் முதியோர் மன்றத்து மலருக்குச் சிறுவயது நினைவொன்று எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். நீங்கள் எழுதியவற்றையெல்லாம் வாசித்தேன். குளம், பள்ளிக்கூடம், தேர்த்திருவிழா, களவாய்ப் பறித்த மாங்காய். நன்றாகத்தான் இருக்கின்றன. நானும் திருகோணமலையில் பிறந்தவன், எனக்கும் கடல் இருந்தது. ஆனால் அதை எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. இந்த வயதில் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவில் வருவது என்னுடைய சிறுவயது அல்ல. என் மகளுடைய சிறுவயது. அதிலும் அதன் கடைசி இலையுதிர்காலம். அது முடிந்த விதத்தில் எனக்குப் பங்கு உண்டு, அதனால் அதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதி. ஊரில் சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்தது கலைந்து, தொலைபேசி அடித்தால் எடுக்கப் பயந்த நாட்கள். உங்களுக்கும் நினைவிருக்கும். நாங்கள் மொன்ட்ரியால்-நோரில் ஒரு மூன்றுமாடிக் கட்டடத்தின் கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஊரில் கணிதம் படிப்பித்த நான் இங்கே துணிக்குச் சாயம் போடும் தொழிற்சாலையில் வேலை செய்தேன். என் நகங்களுக்குள் எப்போதும் நீலம் இருந்தது, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. மனைவி கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றில் பிள்ளைகளுக்குச் சமைத்தாள். மகளுக்குப் பன்னிரண்டு வயது. எங்களுக்கு அவள் ஒருத்திதான்.

மேல்வீட்டில் ஹெயிட்டியிலிருந்து வந்த ஒரு தாயும் மகனும் இருந்தார்கள். மகன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு அங்கே ஃபுட்போல் விளையாடினான். நாங்கள் ஊரில் காலால் உதைத்த விளையாட்டு அல்ல இது. தலைக்கவசமும் தோள்கட்டையும் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் கூரான பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முட்டி மோதுகிற விளையாட்டு. எறிகிற பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பது அவன் வேலை. பின்னேரங்களில் கட்டடத்துக்குப் பின்னாலிருந்த ஒழுங்கையில் அவன் பயிற்சி செய்வான். என் மகள் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பழைய டென்னிஸ் பந்துகளை அவனுக்கு எறிவாள். அவள் எந்தத் திசையில் எறியப்போகிறாள் என்பது அவனுக்குத் தெரியக்கூடாது. அதுதான் பயிற்சியாம். அவன் அவளைக் "கோச்" என்று கூப்பிடுவான். என்னைக் கண்டால் பந்தை அக்குளில் வைத்துக்கொண்டு "போன்ஜூர், மெஸ்யூ" என்பான். நல்ல பழக்கமான பொடியன்.

ஆவணி முடிவில் ஒருநாள் அவன் இரண்டு டிக்கட் கொண்டுவந்து தந்தான். எனக்குப் போக மனமில்லை. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"அப்பா, ஒரேயொரு மட்ச். பிடிக்கேல்லையெண்டா பேந்து கேக்கமாட்டன்."

"எனக்கொண்டும் விளங்காது பிள்ளை."

"நான் விளங்கப்படுத்துறன். நீங்கள் கணக்குச் சொல்லித் தாறனீங்கள்தானே, அதே மாதிரி."

அப்படித்தான் தொடங்கியது. மூன்று தடவைக்குள் பத்து யார் தூரம் முன்னேறவேண்டும், முன்னேறாவிட்டால் பந்தை மற்றவர்களிடம் கொடுக்கவேண்டும். முதல் நாளே எனக்கு அது பிடித்துப்போனது. அதில் கணக்கு இருந்தது. எவ்வளவு தூரம் மிச்சம், எத்தனை தடவை மிச்சம், இப்போது எறிவதா ஓடுவதா. எங்கள் பச்சைச் சட்டைக்காரர் வெளியூருக்கு விளையாடப் போனால் நாங்களும் போகத் தொடங்கினோம்.

வெளியூர் ஆட்டங்கள் பெரும்பாலும் சனிக்கிழமை மத்தியானம். பருவம் தொடங்குவதோ புரட்டாதி மாதம். இதில் இருந்த சிக்கல் உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும். என் சாதகத்தைப் பார்த்த ஒருவர் எனக்கு ஏழரைச் சனி நடக்கிறது என்று சொல்லியிருந்தார். மனைவி ஒவ்வொரு புரட்டாதிச் சனியும் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கிற முருகன் கோயிலுக்குப் போய் எனக்காக எள்ளெண்ணெய் எரித்தாள். அவளுடைய அண்ணன் அந்தப் பக்கம் வீடு வாங்கி இருந்தார். அவர் காலையில் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போவார். நானும் வந்தால் நல்லது என்று அவள் சொல்வாள். நான் வேலைக் களைப்பு என்பேன்.

"சனியனுக்கு எரிக்கிறது நான். சனிக்கிழமையில ஊர் சுத்துறது நீங்கள்," என்பாள் மனைவி. "மச்சம் மாமிசமாவது சாப்பிடாமல் வாங்கோ."

மரக்கறி ரொட்டியும் பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் கட்டித் தருவாள். மைதானத்துக் கார்த் தரிப்பிடத்தில் ஆட்கள் அடுப்பு மூட்டி சொசேஜ் சுடுவார்கள். புகை மூக்கில் ஏறும். முதல் சனியே மகள் சொசேஜ் வைத்த பாண் ஒன்றை வாங்கி, எங்கள் வானுக்குப் பின்னால் நின்று சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மாட்டைச் சொல்லக்கூடாது."

"சனீஸ்வரன் பாக்கிறார்."

"அவர் உங்களைத்தானே பிடிச்சிருக்கிறார். என்னை இல்லைத்தானே."

பிறகு நானும் சாப்பிட்டேன். இதையும் இன்றுவரை மனைவிக்குச் சொன்னதில்லை. மலர் வெளிவந்தால் வாசிப்பாள். பரவாயில்லை.

அந்த வான் மச்சானிடம் இருந்து வாங்கிய பழையது. மகள் இருக்கும் பக்கத்துக் கண்ணாடி முழுதாக மூடாது. இடைவெளியில் ஒரு பழைய மேசையுறையை மடித்துச் செருகியிருந்தோம், வேகமாய்ப் போனால் அது படபடவென்று அடிக்கும். சூடு என் காலுக்கு மட்டும்தான் வரும். கியூபெக் நகரத்துக்கு நாற்பதாம் பாதை, ஷெர்புரூக்குக்கு சாம்ப்ளேன் பாலத்தைக் கடந்து பத்தாம் பாதை. இரண்டு பக்கமும் வெட்டி முடித்த சோள வயல். மகள் காலைத் தூக்கி இருக்கையில் வைத்துக்கொண்டு எதிரணியின் பலத்தையும் பலவீனத்தையும் சொல்லிக்கொண்டு வருவாள். வானுக்கு எண்ணெய் அடிக்கிற இடத்தில் எனக்காக அவள்தான் பிரெஞ்சு கதைப்பாள். வான் ரேடியோ வேலை செய்யவில்லை. வீட்டிலிருந்தால் தமிழ் வானொலி ஓடிக்கொண்டே இருக்கும், எந்த ஊரில் என்ன விழுந்தது, எத்தனை பேர். அந்த வானுக்குள் மட்டும் அது இல்லை. நான் ஏன் அப்படி ஓடி ஓடிப் போனேன் என்று இப்போது யோசித்தால், பாதிக் காரணம் அந்த வேலை செய்யாத ரேடியோ என்று படுகிறது.

மணியைப் பற்றிச் சொல்லவேண்டும். மற்ற ஆட்கள் மாட்டுமணி, மேளம், தகரம் எல்லாம் கொண்டுவருவார்கள். எங்களிடம் ஒன்றுமில்லை. இரண்டாவது சனி, ஆட்டம் தொடங்க மகள் தன் கோட்டுக்குள் கையை விட்டு ஒரு பித்தளை மணியை எடுத்தாள். எங்கள் வீட்டுச் சாமித் தட்டில் இருக்கிற பூசை மணி.

"ஐயோ பிள்ளை, இதென்ன வேலை!"

"அம்மா விளக்குக் கொளுத்த முந்தி வைச்சிடலாம் அப்பா."

அந்தச் சின்ன மணிக்கு அப்படி ஒரு சத்தம். மேளம், தகரம் எல்லாவற்றையும் ஊடறுத்துக்கொண்டு மெல்லிய கம்பிபோலப் போகும். முதலில் நான் வாங்கி அடித்தேன். அவள் உடனே என் கையைப் பிடித்தாள்.

"இப்ப இல்லையப்பா! அவங்களிட்டைப் பந்து இருக்கேக்கைதான் அடிக்கவேணும். எங்கட ஆக்களிட்டை இருந்தா மூச்சுக் காட்டக்கூடாது. அவையளுக்கு ஒண்டும் கேக்காது, குழம்பிப்போவினம்."

"பந்தைப் பிடிச்ச பிறகு?"

"பிடிச்ச பிறகு அடிக்கலாம். அது சந்தோசத்துக்கு."

சுற்றிப் பார்த்தேன். உண்மைதான். பந்து எங்களிடம் வந்ததும் எங்கள் பக்கத்துச் சனம் முழுவதும் கோயிலில் திரை விலகுகிற நேரம்போல அடங்கிவிடும். மேல்வீட்டுப் பொடியன் பந்தைப் பிடித்து எழும்பியதும் மகள் மணியை அடிப்பாள். அவன் தலையை நிமிர்த்தி, சத்தம் வந்த பக்கம் தேடி, அவளைக் கண்டதும் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவான். ஒவ்வொரு தடவையும்.

எங்களுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கியூபெக் கிழவர் இருப்பார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். அவருடைய பேரன் அணியில் இருந்தான், ஆனால் களத்துக்குள் இறக்கமாட்டார்கள். ஆனாலும் ஒரு வெளியூர் ஆட்டத்தையும் அவர் தவறவிடுவதில்லை. முழங்காலுக்கு ஒரு கம்பளிப் போர்வை, ஒரு தகரப் பேணியில் வெல்லப்பாகு ஊற்றிச் சமைத்த அவரைக்கொட்டை. எங்கள் ரொட்டியைக் கொடுத்தோம், உறைப்பில் கண்ணீர் வடிய வடியச் சாப்பிட்டார். அவர் சொல்வதை மகள் எனக்கு மொழிபெயர்ப்பாள். சில வாரங்களில் அந்த வரிசையில் இருந்த எல்லாருக்கும் என்னைத் தெரிந்திருந்தது. நான் போனால் "ஆ, மெஸ்யூ கிளோஷ்" என்று இடம் விடுவார்கள். மணிக்காரர் என்று அர்த்தம். இந்த நாட்டுக்கு வந்து அத்தனை வருடத்தில் என்னைக் கண்டு இடம் விட்டவர்கள் அவர்கள்தான்.

அந்தப் பருவத்தில் எங்களுக்குள் ஏதோ இடம் மாறியது. தொடக்கத்தில் அவள் ரசிகை, நான் சாரதி. மழை கொட்டிய ஒரு சனி அவள் வரவில்லை என்றபோது, கட்டாயப்படுத்திக் கூட்டிப் போனவன் நான்.

ஐப்பசிக் கடைசியில் அரையிறுதி, ஷெர்புரூக்கில். காற்று எலும்பைத் தொட்டது. எங்கள் பக்கம் நான்கு புள்ளியால் பின்னுக்கு நின்றது. இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் மகள் கழிவறைக்குப் போனாள். போனவள் கனநேரம் வரவில்லை. வந்தபோது கோட்டைக் கழற்றி இடுப்பில் சுற்றி, கைகளை முன்பக்கம் முடிச்சுப் போட்டிருந்தாள். உடம்பில் மெல்லிய சுவெட்டர் மட்டும்.

"அப்பா, வீட்டை போவமே?"

"என்ன விசர்க்கதை. இனித்தான் ஆட்டமே."

"வயிறு நோகுது."

"கண்ட சொசேஜையும் திண்டா நோகும்தான்." நான் சிரித்தேன். "கோட்டைப் போடு முதல். இந்தக் குளிருக்குள்ளை இடுப்பிலை கட்டிக்கொண்டு என்ன ஸ்டைல் இது?"

"வேண்டாம்."

"போடு எண்டு சொல்லுறன்!"

அவள் போடவில்லை. உட்காரவும் இல்லை. பிறகு உட்கார்ந்தாள், இருக்கையின் விளிம்பில், மணியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அதன் நாக்கைப் பிடித்துக்கொண்டு. கிழவர் என் முழங்கையைத் தட்டி ஏதோ சொன்னார். "லா பெத்தித், மெஸ்யூ," என்றது மட்டும் விளங்கியது. பிள்ளையைப் பார் என்கிறார். குளிர் என்று சொல்கிறாராக்கும் என்று நினைத்துத் தலையை ஆட்டிவிட்டு மைதானத்தைப் பார்த்தேன். அவர் தன் முழங்காலில் இருந்த போர்வையை எடுத்து அவளுடைய தோளில் போட்டார். என் பாஷைகூடத் தெரியாத அந்நிய மனிதர். அவருக்கு விளங்கியது.

கடைசி நிமிடங்களில் எங்கள் ஆட்கள் வென்றார்கள். நான் மகளிடம் இருந்து மணியை வாங்கி அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். வேலிக்கரையில் பொடியனுக்குக் கைகொடுக்கவேண்டும் என்று அவளையும் நிற்கவைத்தேன். அவன் "கோச்!" என்று கையை விரித்துக்கொண்டு வந்தான். அவள் போர்வையை இறுக்கிக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். திரும்பி வரும் வழி முழுவதும் நான் ஆட்டத்தைப் பற்றிக் கதைத்தேன். ஒருமுறை எங்காவது நிறுத்த முடியுமா என்று கேட்டாள். பாலத்தில் நெரிசல் கூடுவதற்குள் போய்விடவேண்டும் என்றேன். மேசையுறை கண்ணாடியில் படபடவென்று அடித்துக்கொண்டு வந்தது.

வீட்டுக் கதவைத் திறந்த மனைவி அந்தக் கோட்டு முடிச்சைப் பார்த்தாள். வேறொன்றும் கேட்கவில்லை. மகளைக் கையில் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். நான் சப்பாத்துக் கழற்றிக்கொண்டு நின்றேன். அப்போதுதான், ஒவ்வொன்றாக, எனக்கு விளங்கியது. பட்டம் பெற்றவன், எத்தனையோ பெண்பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன்.

மனைவி வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"பிள்ளை பெரியபிள்ளையாகியிட்டுது. எங்கை வைச்சு ஆனது?"

நான் வாய் திறக்கமுன் உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது. "வீட்டு வாசலிலைதான் அம்மா. அப்பாக்குத் தெரியாது. நான் ஒண்டும் சொல்லேல்லை."

இதுதான் நான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது. அவள் எனக்காகப் பொய் சொன்னாள். நான் அந்தப் பொய்க்குப் பின்னால் பேசாமல் நின்றேன்.

அடுத்து மணி. மகளின் கையில் அது இருந்ததை மனைவி கண்டுவிட்டாள். துடக்கோடு தொட்ட மணியைச் சாமித் தட்டில் திரும்ப வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. மஞ்சள் தண்ணீரில் கழுவினாள், பிறகும் வைக்கவில்லை. பல்கனியில் வெறும் பூச்சாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். பனியில் கிடக்கிறதே என்று நான் அதை எடுத்து வானுக்குள் போட்டேன்.

மறுநாள் தாய்மாமன் வந்து முறைப்படி முதல் தண்ணீர் வார்த்தார். மகளை அவளுடைய அறையில் இருத்தினார்கள். மண்டபத்தில் விழா முடியும்வரை பள்ளிக்கூடம் இல்லை, வெளியே போவதில்லை, பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும். பிள்ளைக்குப் பொழுது போகட்டும் என்று மச்சானே தன் வீட்டிலிருந்து ஒரு சின்ன டிவியைக் கொண்டுவந்து அவளுடைய அறையில் வைத்தார். நல்ல மனிதர். எல்லாவற்றையும் அவர்தான் ஓடியாடிச் செய்தார். அன்று பின்னேரம் குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி சொன்னார்:

"மச்சான், ஒண்டு சொல்லுறன், குறை நினையாதை. உந்த மட்ச் கிட்ச் எல்லாம் இனி வேண்டாம். ஆம்பிளையள் குடிச்சுப்போட்டுக் கத்துற இடத்திலை பெரியபிள்ளையைக் கொண்டுபோய் இருத்துறதே? மேல்வீட்டுப் பொடியனோடை ஒழுங்கையிலை பந்தெறியிறதும் காணும். சனம் கதைக்கும்."

"ஓம், அது சரிதான்," என்றேன்.

அவர் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் ஓம் என்றேன். ஷெர்புரூக்கில் நடந்தது வெளிவராமல் இருந்தால் போதும் என்றிருந்தது. அவளுடைய அறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை கியூபெக் நகரத்தில் இறுதியாட்டம். பொடியனுக்கு அது கடைசிப் பருவம், அதோடு படிப்பு முடிகிறது. வெள்ளிக்கிழமை நான் வேலையால் வந்து அவளுடைய கதவடியில் நின்றேன். மஞ்சளும் எண்ணெயும் மணத்தது. தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் இருந்தாள்.

"அப்பா, நாளைக்கு?"

"மாமா சொன்னது கேட்டதுதானே. இனி அதெல்லாம் முடிஞ்சுது பிள்ளை."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நீங்களும் போகமாட்டீங்களோ?"

"நீ இல்லாமல் நான் ஏன் போறன்."

"அப்ப சரி," என்றாள். முகம் தெளிந்ததுபோல இருந்தது. இரண்டு பேருக்கும் இல்லை என்றால் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாள்.

சனிக்கிழமை காலை எழும்பி, தொழிற்சாலையில் ஓவர்டைம் என்று மனைவியிடம் சொன்னேன். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டேன். வேலைக்குப் போகிற திருப்பம் வந்தது. நான் திரும்பவில்லை. இதற்குப் பெரிய விளக்கம் ஒன்றும் என்னிடம் இல்லை. கிழமை முழுவதும் சாயத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அந்த ஆட்டத்தையே நினைத்தேன். எங்கேயாவது நான் போனால் இடம் விடுவார்கள் என்றால் அது அங்கேதான். போனேன்.

கிழவர் என்னைக் கண்டதும் எனக்குப் பின்னால் பார்த்தார். "லா பெத்தித்?"

எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் காய்ச்சல் என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்தார். நெருக்கியடித்த மைதானத்தில் யார் யாரோ வந்து கேட்டார்கள். அது பிள்ளையினுடைய இடம் என்று சொல்லிக் கடைசிவரை அவர் அதை விடவில்லை.

மணியை எடுத்தேன். எதிரணியிடம் பந்து இருந்தபோது அடித்தேன். பொடியன் முதல் பந்தைப் பிடித்தபோது அடித்தேன். அவன் நிமிர்ந்து எங்கள் பக்கம் தேடினான். ஒரு கமராக்காரன் எங்கள் வரிசைக்கு முன்னால் வந்து நின்றான். எல்லோரும் கையை ஆட்டினார்கள். நானும் மணியோடு கையை ஆட்டினேன்.

கடைசி நிமிடத்தில் எங்கள் ஆட்கள் ஆறு புள்ளியால் பின்னுக்கு. பந்து எங்களிடம். மூன்றாவது தடவை, இனி வேறு தடவை இல்லை. எல்லைக்கோட்டுக்கு இருபது யார் தூரம்தான். எங்கள் பக்கத்துச் சனம் முழுவதும் அடங்கியது. மற்றப் பக்கத்துச் சனத்தின் இரைச்சல் மட்டும் மலைபோல வந்தது. அந்த இரைச்சலைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை. நான் எழும்பி நின்று மணியை அடித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கிழவர் என் கையைப் பிடித்த பிறகுதான் நிறுத்தினேன்.

பொடியன் தலையை எங்கள் பக்கம் திருப்பினான். கண நேரம்தான். பிறகு ஓடினான், தனியாகத்தான் ஓடினான், பந்து அவனுக்கே வந்தது, விரல் நுனியில் பட்டு விழுந்தது. மணியால்தான் என்று நான் சொல்லவில்லை. பிடிக்கத் தவறுவது எல்லாருக்கும் நடக்கும். ஆனால் கிழவர் அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மண்டபத்து விழா மார்கழிக்கு முன்னர் நன்றாக நடந்தது. உங்களில் சிலர் வந்தும் இருந்தீர்கள். மேல்வீட்டுத் தாயும் மகனும் வந்தார்கள். அவன் சாம்பல் நிறக் கோட்டும் சூட்டும் போட்டு, சேலையும் பூவும் நகையுமாக இருந்த என் மகளுக்குப் பக்கத்தில் நிற்கிற படம் இன்னும் இருக்கிறது. படத்தில் அவன் குனிந்து அவளுக்கு ஏதோ சொல்கிறான். என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. அடுத்த வசந்தத்தில் அவன் வேலை கிடைத்து மேற்கே போய்விட்டான். வானை விற்றோம். அந்த மேசையுறையும் அதோடு போனது.

மகள் நன்றாகப் படித்தாள். இப்போது வேறு நகரத்தில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் தொலைபேசி எடுப்பாள். பிரஷருக்குக் குளிசை போட்டீர்களா, நடந்தீர்களா என்று கேட்பாள். ஒரு குறையும் சொல்லமுடியாது. இத்தனை வருடத்தில் அந்த விளையாட்டைப் பற்றி ஒரு சொல்லும் அவள் என்னோடு கதைத்ததில்லை. இலையுதிர்காலத்தில் நான் டிவியில் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் வந்திருந்தால், எழும்பிக் குசினிக்குப் போய்த் தாய்க்கு உதவி செய்வாள். எழும்புவதுகூட எனக்கு நோகாத விதமாகத்தான்.

அன்று பின்னேரத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

நான் வந்து சேர்ந்தபோது வீட்டில் விளக்குக் கொளுத்தியிருந்தது. கையில் சாப்பாட்டுப் பை. வழியில் ஓரிடத்தில் நிறுத்தி, உள்ளே இருந்ததைக் குப்பையில் கொட்டியிருந்தேன். மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஓவர்டைம் எண்டு இவ்வளவு நேரமே? முகமெல்லாம் காத்தடிச்ச மாதிரிக் கிடக்கு. பக்டரிக்குள்ளை நிண்ட ஆள் மாதிரி இல்லை."

நான் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தேன். மகளின் அறையிலிருந்து குரல் வந்தது.

"வானிலை ஹீட்டர் இல்லைத்தானே அம்மா. அப்பாக்குத் தேத்தண்ணி போட்டுக் குடுங்கோ."

மனைவி உள்ளே போய்க் கேத்தலை வைத்தாள். நான் மகளின் கதவடிக்குப் போனேன். கட்டிலில் சம்மணமிட்டு இருந்தாள், முகத்தில் காய்ந்த மஞ்சள், மடியில் அந்தக் கிழவரின் போர்வை. அதை அவருக்குத் திருப்பிக் கொடுக்க நான் மறந்திருந்தேன். எதிரே சின்ன டிவி. சத்தத்தைக் குறைத்துவிட்டு ஏதோ சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. கியூபெக்கில் கமராக்காரனுக்குக் கை ஆட்டியவனுக்கு அந்த டிவி அதுவரை நினைவுக்கு வரவேயில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. கணக்கில் பிழை விட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல, பொறுமையாக, மெல்லிய குரலில், தாய்க்குக் கேட்காமல் சொன்னாள்:

"எங்கட ஆக்களிட்டைப் பந்து இருக்கேக்கை அடிக்கக்கூடாதெண்டு நான் சொன்னனான்தானே அப்பா."

நான் கோட்டுப் பைக்குள் கையை விட்டேன்.

"ஓட முந்தி அவர் என்னைத்தான் தேடினவர்," என்றாள்.

போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு டிவியின் பக்கம் திரும்பினாள். கோட்டுப் பைக்குள் மணியின் நாக்கு சத்தம் போடாமல் இருக்க அதை விரல்களுக்கிடையில் பிடித்தபடி, நான் கதவடியில் நின்றேன். குசினியிலிருந்து மனைவி கூப்பிட்டாள், தேத்தண்ணி ஆறுகிறது என்று.